முதல் விசாரணை எஞ்சினுக்கு!



ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியைத் தோட்டத்து அலுவலகங்களில் நாம் அடிக்கடி கேட்கிறோம். பெரட்டு முடிந்து அரை மணி ஆகியும் புல் வெட்டும் இயந்திரம் கிளம்பவில்லையா? கந்தகத்தூள் தூவும் இயந்திரம் நடு நிரையில் நின்றுவிட்டதா? "மிசின் சரியில்லை ஐயா" என்று தொழிலாளி வாய் திறந்தால் போதும். பழமொழி பறந்து வருகிறது. "உனக்குப் பிடிக்கத் தெரியவில்லை" என்று தீர்ப்பும் கூடவே வருகிறது. செக்ரோலில் அரை நாள் விழுகிறது.

நாம் ஒன்று கேட்கிறோம். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது? கூடத்தை நூல் பிடித்து அளந்து பார்த்தவர் யார்? அளக்காமல் தீர்ப்புச் சொல்ல அதிகாரம் கொடுத்தவர் யார்?

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே புல் வெட்டும் கும்பலில் ஒரு தொழிலாளியிடம் கொடுக்கப்பட்ட பழைய இயந்திரம் பத்து நிமிடம் ஓடும். பிறகு இருமி இருமி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து இழுத்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். "ஓய்வு வேண்டும் என்று வேண்டுமென்றே நிறுத்துகிறான்" என்றார் மண்டோர். மூன்று நாட்களுக்கு அரைச் சம்பளம். மாதக் கடைசியில் பழுதுபார்ப்புச் செலவு என்று ஒரு பிடித்தம் வேறு. விஷயம் சங்கக் கிளைக்கு வந்தது. கிளைத் தோழர்கள் பட்டணத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனார்கள். நின்றுபோன இயந்திரத்தின் பெட்ரோல் டாங்கி மூடியை அவர் மெல்லத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. கயிற்றை இழுத்தார், எஞ்சின் ஓடியது. மூடியில் உள்ள ஊசித் துளை மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அடைத்திருந்தது. குற்றம் அவ்வளவுதான்!

இது மாயமல்ல. டின் பாலில் ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். கொஞ்சம் வழியும், பிறகு நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் காற்று உள்ளே போகும், பால் வெளியே வரும். பெட்ரோல் டாங்கியும் அப்படித்தான். தேநீர்க் கடையில் டின்னுக்கு இரண்டு துளை போடும் பையனுக்குத் தெரிந்த விஷயம் அது. அதைப் பார்க்காமல் ஒரு மனிதனைச் சோம்பேறி என்று எழுதிவிட்டார்கள். கிளை தலையிட்ட பிறகு பணம் திரும்பி வந்தது. அந்தச் சொல் திரும்பி வந்ததா? வரவில்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: விசாரணை வேண்டும். முதல் விசாரணை எஞ்சினுக்கு நடக்க வேண்டும். மனிதனுக்கு நடப்பது அதற்குப் பிறகுதான்.

எஞ்சினை விசாரிப்பது எப்படி? அது துரைமார்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் மட்டும் தெரிந்த இரகசியம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நினைப்பைத்தான் முதலில் உடைக்க வேண்டும். பட்டையின் தடிப்பைக் கண்ணால் பார்த்து, மரத்தில் காயம் படாமல் உளி பிடிக்கிறவன் தொழிலாளி. பாலின் நிறம் பார்த்துத் தண்ணீர் கலந்திருப்பதைச் சொல்கிறவன் தொழிலாளி. அவனுக்கு இந்தச் சின்ன எஞ்சின் புரியாதா?

நம் தோட்டங்களில் தோளில் தொங்கும் புல் வெட்டும் இயந்திரங்களில் பெரும்பாலானவை இரட்டை வீச்சு எஞ்சின்கள். அவற்றுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் டூ-டி எண்ணெய்தான் பிஸ்டனுக்கு உயிர். எஞ்சின் ஓட நான்கு வேண்டும்: நல்ல பெட்ரோல், சரியான நேரத்தில் தீப்பொறி, போதிய காற்று, சிலிண்டரில் அழுத்தம். நான்கில் ஒன்று குறைந்தால் எஞ்சின் முரண்டு பிடிக்கும். இந்த நான்கையும் வரிசையாகக் கேட்பதுதான் விசாரணை.

முதல் கேள்வி பெட்ரோலுக்கு. அந்த டின் எப்போது நிரப்பப்பட்டது? பெட்ரோல் நின்றால் அதில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். பிசின் போன்ற கசடு மிஞ்சும். ஒரு மாதத்துக்கு மேல் நின்ற கலவை நம்பத்தக்கதல்ல. அதில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா? ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். எண்ணெய் எந்த அளவில் கலந்தார்கள்? 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. எது வேண்டும் என்பதை அந்த இயந்திரத்தின் புத்தகம் சொல்லும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் பிளக் கறுத்துப் புகை கக்கும். கண்ணளவில் ஊற்றுவது எஞ்சினைக் கொல்லும் வழி.

இரண்டாம் கேள்வி பெட்ரோல் போகும் பாதைக்கு. மூடித் துளை திறந்திருக்கிறதா? டாங்கிக்குள் கிடக்கும் வடிகட்டி அடைத்திருக்கிறதா? குழாய் வெடித்திருக்கிறதா? ரப்பர்த் தொழிலாளிகள் நாம் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் வெட்டும் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊதிப் பெருத்து வலுவிழக்கும். அதனால்தான் பெட்ரோல் குழாய்களை நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். கையில் கிடைத்த ஏதோ ஒரு ரப்பர்க் குழாயை வெட்டி மாட்டச் சொல்லும் ஸ்டோர், இரண்டு வாரத்தில் வரப்போகும் பழுதைத் தானே விதைக்கிறது. கார்புரேட்டருக்குள் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு உண்டு. எஞ்சினின் துடிப்பில் அது அசைந்து பெட்ரோலை இறைக்கும். பழசாகிக் காகிதம் போல விறைத்துவிட்டால் இறைக்காது. எஞ்சின் மெதுவாக ஓடும். வேகம் கொடுத்தால் மூச்சு முட்டி நிற்கும். இது வயதின் வேலை. கையாளுகிறவனின் வேலை அல்ல.

மூன்றாம் கேள்வி பிளக்குக்கு. அதைக் கழற்றிப் பார்த்தால் பாதிக் கதை தெரியும். முனை காப்பித்தூள் நிறமாக இருந்தால் எஞ்சின் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எங்கேயோ காற்றுக் கசிவு. எஞ்சின் சூட்டில் வேகிறது. பலமுறை இழுத்தும் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது. பொறியைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் டின்னை எட்ட வைத்துவிட்டு, சிந்தியதைத் துடைத்துவிட்டு, பிளக்கைத் தொப்பியில் மாட்டி அதன் உலோக உடலைச் சிலிண்டரில் பிளக் துளைக்கு எட்டத் தொட வைத்துக் கயிற்றை இழுங்கள். நீலப்பொறி பட்டென்று தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லையா? நல்ல பிளக் ஒன்றை மாற்றிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் நிறுத்தும் சுவிட்சின் கம்பியைப் பாருங்கள். அதிர்ச்சியில் அதன் உறை தேய்ந்து உலோகத்தில் பட்டால், சுவிட்சை அணைத்த மாதிரிதான். அதுவும் சரியென்றால் குற்றம் காயிலில். மிகப் பழைய இயந்திரமென்றால் பாயிண்ட்டிலும் இருக்கலாம். சூடான பிறகு மட்டும் நின்று, ஆறிய பிறகு ஓடும் எஞ்சினில் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். நின்ற அந்தக் கணத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள், பொறியையும் பாருங்கள். குற்றவாளி எது என்று தெரிந்துவிடும்.

நான்காம் கேள்வி காற்றுக்கும் புகைக்கும். இலை உதிர்ந்து தளிர் விடும் நாட்களில், ஓயிடியம் என்ற சாம்பல் நோய்க்காகக் கந்தகத்தூள் தூவுகிறோம். அந்தத் தூளில் ஓடும் இயந்திரத்தின் காற்று வடிகட்டி எத்தனை நாள் தாங்கும்? அன்றாடம் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். புகை வெளியேறும் வாயில் கரி அடைத்தாலும் எஞ்சின் வலுவிழக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன் எவ்வளவு தூரம் ஓடுவான்?

கடைசிக் கேள்வி அழுத்தத்துக்கு. கயிற்றை இழுக்கும்போது எதிர்ப்பு இருக்கிறதா? தண்ணீரில் நூல் இழுப்பது போல வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பிளக்கையும் கார்புரேட்டரையும் திட்டிப் பயனில்லை. அந்த எஞ்சின் ஓய்வு கேட்கிறது. ஓய்வு கேட்பது எஞ்சின். ஏச்சு வாங்குவது தொழிலாளி!

இந்தக் கேள்விகளை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பிளக் சாவி ஒன்று, மாற்றுப் பிளக் ஒன்று, துணி ஒன்று, ஊசி ஒன்று, அரை மணி நேரம். இவ்வளவுதான். ஆனால் பல தோட்டங்களில் நடப்பது என்ன? இயந்திரம் நின்றதும் மண்டோர் கார்புரேட்டர் திருகாணியை இப்படியும் அப்படியும் திருப்புகிறார். எதற்காகத் திருப்பினோம் என்பது அவருக்கும் தெரியாது, எஞ்சினுக்கும் தெரியாது. ஒரு பழுது இருந்த இடத்தில் இரண்டு பழுது ஆகிறது. திருகாணியைக் கடைசியாகத் தொடுங்கள். தொடுமுன் எத்தனை சுற்று உள்ளே இருந்தது என்று எண்ணி எழுதி வையுங்கள்.

சில குற்றங்களில் விசாரணைக்கே இடமில்லை. உடனே நிறுத்த வேண்டும். வேகப்பிடியை விட்ட பிறகும் கத்தி சுழன்றுகொண்டே இருந்தால் நிறுத்துங்கள். எஞ்சின் தானாக வேகம் பிடித்து அலறினால் நிறுத்துங்கள். பெட்ரோல் சொட்டினால் நிறுத்துங்கள். மூடிய ஸ்டோருக்குள் எஞ்சினை ஓட்டிச் சோதிக்கச் சொன்னால் மறுத்து வெளியே கொண்டு வாருங்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, ஆளைக் கொல்லும்.

இனி நிர்வாகத் தரப்பின் வாதங்களுக்கு வருவோம். "தொழிலாளி அடித்து உடைக்கிறான், அவனுக்குப் பொறுப்பில்லை" என்கிறார்கள். பொறுப்பு எங்களுக்கும் உண்டு என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். வடிகட்டியைத் தட்டுவதும், சிந்திய பெட்ரோலைத் துடைப்பதும், கத்தியைக் கல்லில் மோதாமல் ஓட்டுவதும் தொழிலாளியின் கடமை. அதைச் செய்யாதவனுக்குச் சங்கம் வக்காலத்து வாங்காது. ஆனால் அதைச் செய்ய நேரம் கொடுத்தீர்களா? காலையில் கால் மணி நேரம் இயந்திரத்துக்கு என்று ஒதுக்கினீர்களா? அந்தக் கால் மணி நேரமும் வேலை நேரம்தான் என்று செக்ரோலில் எழுதினீர்களா? ஸ்டோரில் நின்ற பெட்ரோல், அளவில்லாத எண்ணெய், விறைத்த சவ்வு, தேய்ந்த ரிங் - இவற்றில் எது தொழிலாளியின் கையில் இருக்கிறது? எல்லாம் ஸ்டோர்ச் சாவியின் பின்னால் இருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறதோ, பொறுப்பும் அவரிடம்தான்.

"ரப்பர் விலை சரியில்லை, புது இயந்திரம் வாங்க வசதியில்லை" என்கிறார்கள். நாம் புது இயந்திரம் கேட்கவில்லையே! அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2024-ஆம் ஆண்டு முதல் இத்தகைய புதிய சிறு பெட்ரோல் எஞ்சின்களின் விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. மின்கல இயந்திரங்களுக்கு மாறுகிறார்கள். இங்கே பழைய எஞ்சினை இன்னும் பத்து ஆண்டு ஓட்ட நினைக்கிறீர்களா? ஓட்டுங்கள். ஆனால் பழைய மாட்டுக்குத் தீனி அதிகம் வேண்டும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் பிளக்கை மிச்சம் பிடித்து, ஒரு மனிதனின் நாள் சம்பளத்தை வெட்டும் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு?

சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அந்தச் சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்கிறது. பழுதுபார்ப்புச் செலவு அந்தப் பட்டியலில் இல்லை. தவறு செய்தான் என்று தண்டிக்க வேண்டுமானால் முறையான விசாரணைக்குப் பிறகே தண்டிக்கலாம் என்று அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இயந்திரங்களைப் பாதுகாப்பான நிலையில் பராமரிக்கும் கடமையை முதலாளியின் தலையில் வைக்கிறது. பாதுகாப்புக்காகச் சட்டப்படி செய்ய வேண்டியதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது 26-ஆம் பிரிவு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பக் காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காதபோது, அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட் ஆனது. துண்டு வேலைக்காரர்களும் அந்தப் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். இயந்திரம் நின்ற கதையைச் சொல்லி அதற்குக் கீழே இறக்க முடியாது.

சட்டம் இருக்கிறது, சாட்சி எங்கே? இங்கேதான் கிராணித் தோழர்களிடம் உரிமையோடு பேசுகிறோம். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர் குடும்பங்கள் வாழ்ந்த, இன்று இல்லாத, நூறு குவாட்டர்ஸ் பலருக்கு நினைவிருக்கும். ரயில் எஞ்சின் ஓட்டியவர்களின் வழக்கம் ஒன்று உண்டு. ஓட்டம் முடிந்து ஷெட்டுக்கு வந்ததும் எஞ்சினில் கண்ட கோளாறை ஓட்டுநர் புத்தகத்தில் எழுதுவார். பிட்டர் அதைப் பார்த்துச் சரிசெய்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். எழுதியவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லவில்லை. எழுதாமல் விட்டவர்தான் குற்றவாளி. பெரிய எஞ்சினுக்கு இருந்த அந்த மரியாதை சின்ன எஞ்சினுக்கு ஏன் இல்லை?

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓர் எண். ஓர் எண்ணுக்கு ஒரு பக்கம். வாங்கிய ஆண்டு, பெட்ரோல் கலந்த தேதி, எண்ணெய் அளவு, பிளக் மாற்றிய தேதி, தொழிலாளி சொன்ன கோளாறு, அதைக் கேட்டவர் கையெழுத்து, செய்த வேலை. செக்ரோலில் மனிதனின் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு கிலோ பாலையும் எழுதுகிறோமே, இயந்திரத்தின் ஒரு நாளை எழுத நமக்குக் கை வலிக்குமா? அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் நாம் துரையாகிவிட மாட்டோம். மூன்று மாதம் அந்தப் புத்தகத்தை ஒழுங்காக எழுதுங்கள். எந்த எஞ்சின் எத்தனை முறை நின்றது, எத்தனை பேர் கையில் நின்றது என்று பக்கமே பேசும். ஐந்து பேர் கையில் நின்ற எஞ்சினைப் பார்த்து ஐந்து பேரும் சோம்பேறிகள் என்று சொல்ல எந்த நிர்வாகிக்கும் நா எழாது.

இது தோட்டத்தோடு நிற்கும் பேச்சல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல பட்டணங்களாகிவிட்டன. சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்டு தோட்டத்து மண்ணில். மரம் போன இடத்தில் சாலை வந்தது. சாலையோரம் புல் வந்தது. அந்தப் புல்லை ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு வெட்டுகிறவர்களில் தோட்டத்தை விட்டு வந்த நம் மக்களும் உண்டு. வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களும் உண்டு. தோளில் தொங்குவது அதே எஞ்சின். காதில் விழுவது அதே ஏச்சு. சட்டத்தின் 24-ஆம் பிரிவு அவர்களுக்கும் சேர்த்துத்தான். அவர்களைச் சங்கத்துக்கு வெளியே நிற்கவிட்டு நமக்கு மட்டும் நியாயம் கிடைக்கும் என்று எண்ணினால் ஏமாந்து போவோம்.

சின்ன இயந்திரத்துக்கு இவ்வளவு ஆவேசமா என்று சிலர் சிரிக்கலாம். அவர்களுக்கு 1941-ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் கைதானார், பிறகு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கி சுட்டது, தொழிலாளர் உயிர்கள் போயின. அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? துரையையும் அலுவலகத்தாரையும் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பது. அதுவும் சின்ன இயந்திரம்தான்! ஆனால் அதன் மேல் உட்கார்ந்திருந்தது மனிதனின் மானம். இன்று எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சலித்து நிற்கிறவன் தோளிலும் அந்த மானமே தொங்குகிறது.

ஆகவே கிளைகள்தோறும் நான்கு கோரிக்கைகளை எழுத்தில் வையுங்கள். ஒன்று: இயந்திரப் பராமரிப்புக்குத் தினமும் கால் மணி நேரம், சம்பளத்தோடு. இரண்டு: ஒவ்வொரு கும்பலுக்கும் பிளக் சாவி, மாற்றுப் பிளக், அளவுக் குவளை, தேதி எழுதிய பெட்ரோல் டின். மூன்று: இயந்திரப் புத்தகம், அதில் தொழிலாளி சொன்னது சொன்னபடி பதிவாக வேண்டும். நான்கு: எஞ்சினை விசாரிக்காமல் எவர் சம்பளத்திலும் கை வைக்கக் கூடாது. மறுத்தால் பாதுகாப்புக் குழுவில் எழுப்புங்கள். அங்கும் கேட்காவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்கு மனு எழுதுங்கள். மனு எழுதக் கிராணித் தோழன் இருக்கிறான். சாட்சி சொல்லப் புத்தகம் இருக்கும்.

கூடம் கோணலா, ஆட்டம் கோணலா என்ற வழக்கு இனி வாய்ப்பேச்சில் முடியாது. நூல் பிடித்து அளப்போம்!